கிணற்றுக்கும் ஒரு கொப்பி

(வெள்ளம் வடிந்த பிறகு தீவகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டவர்களே கூட. ஆகவே எல்லோருக்கும் புனைபெயர்.)

கே: எங்கட தீவில ஆறு இல்லை, அருவி இல்லை. குளம் எண்டு சொல்லுறது கோடையில மாடு படுக்கிற இடம். பிறகேன் எங்களுக்கு ஆற்று நீரின் தரத்தைக் கண்காணிக்கிற கதை?
– ஊர்சுற்றி, புங்குடுதீவு

ப: ஆறு இல்லாததுதான் உங்கள் சிக்கலே. ஆறுள்ள ஊரில் வெள்ளத்து அழுக்கு ஓடிப்போகும், எங்கே போகிறது என்றும் தெரியும். உங்களிடம் அது எங்கேயும் ஓடாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கி, உங்கள் கிணற்றிலேயே குடியிருக்கும். தீவுகளுக்குக் கிணறுதான் ஆறு, கடல்நீரேரிதான் கழிமுகம். இரண்டையும் அளக்க வேண்டும்.

கே: யாழ்ப்பாணத்துக்கும் ஒரு ஆறு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். உண்மையா?
– மறந்துபோன மாணவன், வேலணை

ப: உண்மை. வழுக்கையாறு. பெயருக்கேற்றபடி வருசத்தில் பாதிக்கு மேல் தலையில் ஒன்றும் இருக்காது. மாரி வந்ததும் தெல்லிப்பளைப் பக்கத்து வெள்ளத்தைத் திரட்டிக்கொண்டு வந்து அராலியில் கடல்நீரேரிக்குள் விழும். வருகிற வழியெல்லாம் செம்மண் தோட்டங்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம், அடித்த மருந்து, வாய்க்காலில் எறிந்த பொலித்தீன் எல்லாம் கூடவே வரும். அராலிக்கு அக்கரையில் நிற்பது யார்? உங்கள் வேலணைதான். யாழ்ப்பாணத்தின் ஒரே ஆறு தன் குப்பைக்கூடையை உங்கள் முற்றத்தில்தான் கவிழ்க்கிறது.

ஆனையிறவுக் களப்பை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குள் கொண்டுவரப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் போட்ட திட்டத்துக்கு ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர். எழுபது வருசம் கடந்தும் பெயர் மட்டும் வற்றவில்லை.

கே: டித்வா என்றால் என்ன? பல்லை உடைக்கிற பெயராக இருக்கிறதே.
– சொல்லாராய்ச்சி, காரைநகர்

ப: யேமன் நாடு புயலுக்குக் கொடுத்த பெயர். அந்நாட்டின் சொகோத்திரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர் அது. தீவொன்றின் களப்புப் பெயரோடு வந்த புயல், 2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புயல் பிறக்க வருசங்களுக்கு முன்பே பெயர்ப் பட்டியல் தயாராகிவிடுகிறது. கிணற்றைச் சோதிக்கும் பட்டியல்தான் புயல் போன பிறகு தேடப்படுகிறது.

கே: மழை வெள்ளம் மோசமா, கடல் வெள்ளம் மோசமா?
– இரண்டையும் கண்டவன், மண்டைதீவு

ப: மழை வெள்ளம் கிருமியைக் கொண்டுவரும், போகும்போது நிலத்தடியில் நன்னீரை விட்டுப்போகும். கடல் வெள்ளம் உப்பைக் கொண்டுவரும், போகும்போது அதையும் விட்டுப்போகும். முதலாவது சில வாரத்துத் தலையிடி. இரண்டாவது சில மாரிகள் வரைக்கும் நீளும் தலையிடி. அதனால் உங்கள் கிணற்றுக்குள் போனது எந்த வெள்ளம் என்று முதலில் தெரிய வேண்டும். உப்பு மீற்றரால் அளந்தால் பத்து விநாடியில் தெரிந்துவிடும்.

கே: எங்கட ஆச்சி ஒரு மிடறு குடிச்சுப் பார்த்தே தண்ணி நல்லதோ கூடாதோ எண்டு சொல்லிப்போடுவா. அவவை விடவா உங்கட மீற்றர்?
– ஆச்சியின் பேரன், நயினாதீவு

ப: உப்பு விசயத்தில் ஆச்சியோடு போட்டி போட நான் தயாரில்லை. குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிறது இலங்கைத் தர நிர்ணயம். ஏறத்தாழ அந்த இடத்தில்தான் மனித நாக்கும் “சவர்” என்று சொல்லத் தொடங்கும்.

ஆனால் மலக்கழிவிலிருந்து வரும் ஈ.கோலை பக்டீரியாவுக்கு ருசி இல்லை. 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் ஆயிரம் இருந்தாலும் ஆச்சிக்குத் தெரியாது. நைத்திரேற்றும் அப்படித்தான். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் போத்தல் பால் குடிக்கும் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம், நாக்குக்கு ஒன்றும் தெரியாது. ஆச்சியிடம் உப்பைக் கேளுங்கள். மற்றதை ஆய்வுகூடத்திடம் கேளுங்கள்.

கே: நெடுந்தீவில் கிணற்றை ஆழமாக்கினால் ஏன் தண்ணீர் உவர்க்கிறது? மற்ற ஊர்களில் ஆழத்தில்தானே நல்ல தண்ணீர்!
– தோண்டிக் களைத்தவன், நெடுந்தீவு

ப: உங்கள் காலடியில் இருப்பது கடல். அதன் மேல் மழைத் தண்ணீர் ஒரு குவிவில்லை போல மிதக்கிறது. நன்னீருக்குப் பாரம் குறைவு, உப்பு நீருக்குக் கூட. அவ்வளவுதான் சூத்திரம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதைக் கணக்காக எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஒல்லாந்துப் படை அதிகாரி கைபென். உங்கள் தீவுக்கு ‘டெல்ஃப்ட்’ என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் பயங்கரம் புரியும். மோட்டர் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். சந்தேகமென்றால் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் போய்ப் பாருங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். ஒரே கிணற்றில் இரண்டு குடித்தனம்.

கே: வெள்ளம் புகுந்த கிணற்றை மூன்று தரம் முழுக்க இறைத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?
– மோட்டர்காரன், ஊர்காவற்றுறை

ப: மேட்டுநிலத்து ஊர்களின் வைத்தியத்தைத் தீவுக்குக் கொண்டுவராதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளை நல்ல மனத்தோடு இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். இறைத்த கிணற்றில் உப்பு அதனால் குறையவில்லை என்று பின்னர் ஆராய்ச்சி சொன்னது. அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு மேலே ஏறும் ஆபத்தும் வந்தது. கடைசியில் கிணறுகளைக் கழுவியது மோட்டர் அல்ல, அடுத்தடுத்த மாரி மழை.

ஆகவே சேற்றையும் குப்பையையும் அள்ளுங்கள். கலங்கலை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். ஒவ்வொரு முறையும் உப்பை அளந்து பாருங்கள். அளவு ஏறத் தொடங்கினால் மோட்டரை நிறுத்துங்கள்.

கே: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது? பக்கத்து வீட்டு அண்ணை “இரண்டு கை” என்கிறார்.
– மூக்கைப் பொத்தியவள், அனலைதீவு

ப: அண்ணையின் கை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது, கணக்குத்தான் தெரியும். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து அதை அதாலேயே பெருக்குங்கள். தண்ணீரின் ஆழத்தால் பெருக்குங்கள். பிறகு 0.785ஆல் பெருக்கினால் கன மீற்றர் வரும். இரண்டு மீற்றர் விட்டம், மூன்று மீற்றர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 9,400 லீற்றர். சாதாரண நாளில் ஆயிரம் லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல தூள் என்பது பாடநூல் கணக்கு. ஆக 24 கிராம் போதும். அண்ணையின் ஒரு கையே அதிகம்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அந்த அளவு காணாது. முதல் தடவை எவ்வளவு என்பதைப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா சொல்லட்டும். தூளை நேரே கிணற்றில் கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் விடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இல்லையென்றால் போட்டதையெல்லாம் அழுக்கே தின்றுவிட்டது என்று அர்த்தம்.

கே: கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும்தானே?
– அடுப்படி, எழுவைதீவு

ப: கிருமி போகும். உப்பும் நைத்திரேற்றும் போகாது. கொதித்து வற்ற வற்ற இன்னும் கூடும். கொதி வந்ததும் இறக்குங்கள், குழம்பு மாதிரி வற்றவிடாதீர்கள்.

கே: தேற்றாங்கொட்டையை உரைத்தால் கலங்கல் தெளியுமே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– பழையவர், சரவணை

ப: தெளியும், அதில் சந்தேகமில்லை. பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டால் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். முன்னோர் மூளைக்கு ஒரு கும்பிடு. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. தெளியவைத்த பிறகு கொதிக்கவைத்தால் இரண்டும் கிடைக்கும்.

கே: பவுசர் தண்ணீர் நல்லதா?
– வரிசையில் நிற்பவர், வேலணை

ப: பவுசரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எங்கே நிரப்பினாய், எப்போது கழுவினாய்? பதில் உடனே வந்தால் வாளியை நீட்டுங்கள்.

கே: வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை. இனி என்ன பயம்?
– துணிந்தவன், புங்குடுதீவு

ப: பயம் அப்போதுதான் தொடங்குகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வெள்ளம் வந்தது. டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ‘இனந்தெரியாத காய்ச்சல்’ என்று செய்தி வந்தது. சோதனை முடிவு வந்த பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று இனம் தெரிந்தது. அதற்குள் குறைந்தது 7 உயிர்கள் போய்விட்டன. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நின்றவனுக்கு, காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். காய்ச்சல் வெளிப்பட ஒன்று, இரண்டு கிழமையாகலாம், சிலருக்கு அதற்கும் மேல். அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்போம்.

ஆகவே காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் “வெள்ளத்துக்குள்ள நிண்டனான்” என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். வயலில் இறங்குபவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். ஓர் ஆறுதல்: இந்தக் கிருமிக்கு உப்புத் தண்ணீர் ஒத்துவராது. நன்னீர் வெள்ளத்தில் தாக்குப்பிடிக்கிற அளவுக்கு அது கடலில் தாக்குப்பிடிக்காது.

கே: வெள்ளத்துக்குப் பிறகு மீன் வாங்கலாமா? சுனாமி நேரம் சனம் மீனையே தொடவில்லை.
– சந்தைக்காரி, ஊர்காவற்றுறை

ப: துடிக்கிற மீனை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள், பயமில்லை. செத்து மிதந்த மீனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். மட்டியையும் ஊரியையும் சில வாரத்துக்கு விட்டுவிடுங்கள். மட்டி நீரை வடிகட்டித்தான் சாப்பிடும். கடல்நீரேரியில் என்ன கலந்ததோ அதெல்லாம் மட்டிக்குள் சேர்ந்திருக்கும். நீரேரியின் பரிசோதனை அறிக்கையை அது ஓட்டுக்குள் வைத்திருக்கிறது. அறிக்கையை வாசிக்கலாம், கறி வைக்கக் கூடாது.

கே: விடியக்காலையில் பாலத்தடியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. யாராவது நஞ்சு போட்டார்களா?
– தூண்டில்காரன், பண்ணை

ப: பொலிசுக்குப் போகுமுன் ஒக்சிசன் அளவைப் பாருங்கள். வெள்ளம் கொண்டுவந்த இலை, சருகு, சாக்கடை எல்லாம் அழுகும்போது தண்ணீரில் கரைந்த ஒக்சிசனைக் குடித்துவிடும். இரவில் பாசியும் குடிக்கும். அதனால் விடியுமுன்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சுத் திணறும். பாலமும் தாம்போதியும் நீரோட்டத்தை ஒடுக்கிய இடங்களில் இது இன்னும் மோசம். அதிகாரிகள் காலை பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டு “எல்லாம் நலம்” என்று எழுதினால் நம்பாதீர்கள். நோயாளி நித்திரையால் எழும்பித் தேத்தண்ணி குடித்த பிறகு எடுத்த அளவு அது.

கே: கடலட்டைப் பண்ணை போட்டிருக்கிறேன். மழை விட்டதும் அட்டை எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. சில செத்தும் போயின.
– கடன்காரன், புங்குடுதீவு

ப: கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அட்டைக்கு அது வேண்டும். பெருமழையில் ஆழமில்லாத நீரேரியில் நன்னீர் கலந்து உப்பு 20க்குக் கீழே போகும்போது அட்டை புதைந்து காத்திருக்கும், நாட்கள் நீண்டால் சாகும். கிணற்றுக்காரன் உப்பு ஏறுகிறதா என்று பார்க்கிறான். நீங்கள் உப்பு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் மீற்றர் ஒன்றுதான், கவலைதான் வேறு.

கே: நெடுந்தீவிலிருந்து தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் சோதித்தால் என்ன?
– பயணி, நெடுந்தீவு

ப: செய்யலாம், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு. கிருமிச் சோதனைக்கு எடுத்த நீர் ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்வது நல்லது. ஐசில் வைத்தாலும் 24 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து பஸ். காற்றுக் கடலென்றால் படகே இல்லை. காத்திருக்கும் போத்தலில் கிருமி பெருகினாலும் பொய், செத்தாலும் பொய். கொதித்து ஆறிய சுத்தப் போத்தல், ஐஸ் பெட்டி, எடுத்த நேரம் எழுதிய துண்டு – இந்த மூன்றும் இல்லாவிட்டால் போத்தலுக்கு ரிக்கற் எடுக்க வேண்டாம்.

படகில்லாத நாளுக்கு வேறு வழி உண்டு. 1982இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய சோதனை அது. மருந்து தோய்த்த தாள் உள்ள சிறு போத்தலில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும். துல்லியமான தீர்ப்பு இல்லை, எச்சரிக்கை மணி. மணி அடித்தால் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டு ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருங்கள்.

கே: கடல்நீரேரி எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை அளக்கவும் மெசின் வேண்டுமா?
– கையில் காசில்லாதவர், காரைநகர்

ப: ஒரு தட்டும் கயிறும் போதும். 1865இல் இத்தாலிய இயேசுசபைக் குருவானவர் அஞ்சலோ செக்கி பாப்பரசரின் கப்பலில் ஏறி, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலுக்குள் இறக்கினார். எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தெளிவின் அளவு. இன்றும் பல இடங்களில் 20 சென்ரிமீற்றர் தட்டுத்தான் போகிறது. உங்கள் கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். கிழமைக்கு ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம்.

கே: தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே. இனிக் கிணற்றுக் கவலை எதற்கு?
– குழாய் பார்த்திருப்பவர், மண்டைதீவு

ப: 2024 ஓகஸ்டில் திறந்த நிலையம், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தர வல்லது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் தகராறில் நின்றதும் கடலிடம் கேட்டோம், கடல் தந்தது. நல்ல விசயம். ஆனால் குழாயில் வருவது குடிப்பதற்கு. ஆடு, மாடு, தோட்டம், குளிப்பு எல்லாம் இன்னும் கிணற்றடியில்தான். நெடுந்தீவுக் குதிரைக்கு யாரும் குழாய் இணைப்புக் கொடுக்கவில்லை.

கே: இதையெல்லாம் யார் அளக்க வேண்டும்? ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள்.
– மனு எழுதிக் களைத்தவர், வேலணை

ப: குழாய்த் தண்ணீர் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. நிலத்தடி நீர் என்றால் நீர்வளச் சபை. கிணற்றுக் கிருமி என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. தொழிற்சாலைக் கழிவு என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. கடல்நீரேரி என்றால் நாரா எனும் நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனம். தண்ணீர் ஒன்று, கந்தோர் ஐந்து. வெள்ளத்துக்கு இந்த எல்லைகள் தெரியாது.

சுன்னாகத்தை நினையுங்கள். கிணற்றில் எண்ணெய் மணக்கிறது என்று சனம் சொன்னபோது நம்பாதவர்கள் இருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மணத்தை மட்டும் வைத்து வழக்கு வெல்ல முடியாது, அளவு வேண்டும். “முந்தி நல்லாயிருந்தது” என்பதற்குக் கச்சேரியில் பெறுமதி இல்லை. “செப்ரெம்பரில் இவ்வளவு, டிசம்பரில் இவ்வளவு” என்பதற்கு உண்டு.

கே: நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடக் கிணற்றை நாங்களே அளக்கலாமா? சேர் சிரிக்கிறார்.
– மூன்று மாணவிகள், நயினாதீவு

ப: சேர் சிரிக்கட்டும் பிள்ளைகள், நீங்கள் அளந்து பாருங்கள். பிள்ளை பிறந்தால் கிளினிக் கொப்பி கொடுக்கிறார்கள். நிறை, உயரம், ஊசி எல்லாம் அதில் ஏறும். காய்ச்சல் வந்த அன்று மட்டும் நிறுத்தால் பிள்ளை மெலிந்ததா என்று எப்படித் தெரியும்? கிணறும் அப்படித்தான். வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த ஒரே ஓர் அளவு ஒன்றும் சொல்லாது. முன்னால் எடுத்த அளவு பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு வாய் வரும்.

ஒற்றை றூள் கொப்பி ஒன்று வாங்குங்கள். திகதி, நீர்மட்டம், உப்பு, கலங்கல், மலசலகூடக் குழி எவ்வளவு தூரம் – ஐந்து நிரல். மாதம் ஒரு தரம் எழுதுங்கள். வெள்ளம் வந்தால் வடிந்த கிழமை ஒரு தரம், ஒரு மாதம் கழித்து ஒரு தரம். கிருமிச் சோதனைக்கு மட்டும் பி.எச்.ஐ. ஐயாவிடம் போத்தலைக் கொடுத்து, முடிவையும் கேட்டு வாங்கி எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் அந்தப் பக்கத்தின் பிரதியைச் சங்கக்கடைச் சுவரிலும் இறங்குதுறையிலும் ஒட்டுங்கள். பெட்டகத்துக்குள் பூட்டிவைத்த அளவு யாருடைய தாகத்தையும் தீர்த்ததில்லை.

மாரி ஒக்டோபரில் தொடங்கும். முதல் பக்கத்தை அதற்கு முன் எழுதிவிடுங்கள்.